மூணாங்கல் டவுனின் முதுகுப்பக்கம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், மூன்றாவது மைலில் இருந்த ஒரு புறநகர் தன்னைத் தானே டவுனாக்கிக்கொள்ளப் பாடுபட்ட வரலாறு இது. இப்படிப்பட்ட வரலாறுகளை மணிக்கூண்டு, வணிக வளாகம், அபிவிருத்திக் குழு என்று பெரிய விஷயங்களிலிருந்து தொடங்குவதுதான் மரபு. நாம் ஓர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தொடங்குவோம். அந்த மொத்தத் திட்டத்திலும் கடைசிவரை சூடு ஆறாமல் இருந்தது அது ஒன்றுதான்.

இஸ்திரிப் பெட்டிக்குச் சொந்தக்காரி ராசாத்தி. பிறந்தது வாலிகண்டபுரம், வாழ்க்கைப்பட்டது மூணாங்கல். கணவன் நடராசன் சிமெண்டு மூட்டை ஏற்றி இறக்கும் லோடுமேன். ராசாத்தி தள்ளுவண்டியில் கரிப்பெட்டியை வைத்துத் துணி தேய்த்தாள். உழைப்பாளி, நாணயமானவள், யார் வம்புக்கும் போகாதவள். இத்தனை நல்ல குணங்களுக்கு நடுவே அவளுக்கு ஒரு பெரிய குறையும் இருந்தது. யார் எது செய்தாலும், செய்யாமல் விட்டாலும், அதில் தனக்கு ஒரு நன்மை நடந்திருப்பதாகக் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்ததோடு நிற்க மாட்டாள். நேரே அந்த ஆளிடமே போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

நன்றி என்ற வார்த்தையை அவள் வாயால் சொன்னதில்லை. அது மேடையில் மைக் வைத்திருப்பவர்கள் சொல்வது. அவள் சொல்வது, "நீங்க நல்லாருக்கணும்."

ஒரு முறை மாவட்ட அலுவலகக் குமாஸ்தா ஒருவர், சட்டைக் காலரில் கரி பட்டுவிட்டது என்று கோபித்துக்கொண்டு ஒரு மாதம் துணி போடவில்லை. மாதம் முடிந்ததும் ராசாத்தி அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சார், ஒரு மாசமா நீங்க துணி போடாததால என் தோள்பட்ட வலி கொஞ்சம் கொறஞ்சிருக்குங்க. நீங்க நல்லாருக்கணும்."

குமாஸ்தா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கிண்டலா என்று தேடினார். ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை. உள்ளே போய், சேர்த்து வைத்திருந்த துணியையெல்லாம் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். தோள்பட்டை வலி மறுபடி வந்தது. அதற்கும் அவரை வாழ்த்திவிட்டுத்தான் அவள் வந்தாள்.

மூணாங்கல் அப்போது ஊராகவே இல்லை. சாலைக்குத் தெற்கே ஏரி, வடக்கே வெள்ளைச்சாமி என்ற விவசாயியின் மக்காச்சோளக் கொல்லை. நடுவில் ஒரு மைல்கல், ஒரு புளியமரம். தொண்ணூற்றைந்தில் பெரம்பலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். ஆபீஸ்கள் வந்தன, ஆபீஸர்கள் வந்தார்கள், அவர்கள் குடியிருக்க வீடு தேவைப்பட்டது. வெள்ளைச்சாமி கொல்லையில் பாதியை மனை போட்டு விற்றார். மீதிப் பாதியில் மக்காச்சோளத்தையே போட்டார். கலர் கலராக மாடி வீடுகள் முளைத்தன. எல்லா வீட்டுக் கொடியிலும் வெள்ளைச் சட்டைகள் காய்ந்தன. ராசாத்தி புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு, மாவட்டம் பிரித்த அத்தனை பேரையும் மனசார வாழ்த்தினாள்.

"கசங்குன சட்டையோட கலெக்டர் ஆபீஸுக்குப் போக முடியுமா? முடியாதுல்ல? அவங்க எல்லாரும் நல்லாருக்கணும்."

இரண்டாயிரமாவது வருஷத்தில் நடராசனுக்கு முதுகு போயிற்று. லாரியில் மூட்டை சரிந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில், உட்காரலாம், மெல்ல நடக்கலாம், பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். அன்றிலிருந்து அவன் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, தேய்த்த துணியை மடித்துக் கொடுத்தான். வெயில் காலத்தில் இந்த ஏற்பாடு நன்றாக நடந்தது. மழை வந்தால்தான் சங்கடம். ஊரார் துணியைத் தார்ப்பாயில் சுருட்டிக்கொண்டு ராசாத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவாள். நடராசன் ஓட முடியாது. நனைந்துகொண்டே மெதுவாகப் பின்னால் வருவான். அவன் வந்து சேர்ந்ததும் அவள் முந்தானையைப் பிழிந்து அவன் தலையைத் துவட்டிவிடுவாள். நாலு சுவர் வேண்டாம், மூன்று சுவரும் ஒரு கூரையும் போதும் என்று அவள் நினைக்க ஆரம்பித்தது அந்த மழைகளில்தான். வாழ்க்கையில் அவள் கேட்டு வாங்க நினைத்த பொருள் அது ஒன்றே.

இந்தச் சமயத்தில்தான் மூணாங்கல்லுக்கு டவுனாகும் ஆசை வந்தது.

ஆசை வந்த விதம் இப்படி. இரண்டாயிரத்து ஒன்றில் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். மூணாங்கல் குடியிருப்போர் சங்கத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி, ஓய்வு பெற்ற துணைத் தாசில்தார். அவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கே பெரம்பலூரில் ஒரு கடைக்குக் குக்கர் ரப்பர் வாங்கப் போனார். கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். இவர் மூணாங்கல் என்றார். "அது எங்க சார் இருக்கு?" என்றார் கடைக்காரர். இவர் குக்கர் ரப்பர் வாங்காமலே திரும்பி வந்துவிட்டார்.

மறு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயிலில் கூட்டம் போட்டார்.

"அரியலூர்க்காரன் தனி மாவட்டமே வாங்கிட்டான். நாம ஒரு ரப்பருக்கு டவுனுக்கு ஓட வேண்டியிருக்கு. ஏன், நமக்குன்னு ஒரு டவுன் நாமளே கட்டிக்கக் கூடாதா?"

இரும்புச் சாமான் வியாபாரி குருநாதன் முதல் ஆளாகக் கை தட்டினார். அவர் பெரம்பலூரில் வாடகைக் கடை வைத்திருந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் கடை அமைந்தால் மத்தியானம் படுத்து எழலாம் என்பது அவர் கனவு. அங்கேயே மூணாங்கல் நகர் மையத் திட்டம் உருவாயிற்று. கிருஷ்ணமூர்த்தியின் மருமகன் பெரிய அட்டையில் படம் வரைந்தார். நடுவில் மணிக்கூண்டு. அதைச் சுற்றி நீரூற்று. அந்தப் பக்கம் சினிமா தியேட்டர், இந்தப் பக்கம் இரண்டு பேங்கு. சாலையில் குடை பிடித்த பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அட்டையின் ஓரத்தில் ஒரு வெளிநாட்டு நாய்கூட இருந்தது. ராசாத்தி அந்தப் படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். இஸ்திரி வண்டியை மட்டும் காணோம்.

அடுத்த வருஷமே அரியலூர் மாவட்டத்தைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மாவட்டமே கலைந்தாலும் மூணாங்கல் தன் திட்டத்தைக் கலைக்கவில்லை. சாலையை அகலப்படுத்தினார்கள், புளியமரம் போயிற்று. அன்றைக்கு மட்டும் நன்மையைக் கண்டுபிடிக்க ராசாத்திக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. கடைசியில், "கரி போடக் கொஞ்சம் வெறகு கெடச்சுது" என்று மரம் வெட்டியவர்களை வாழ்த்தினாள். வாழ்த்திவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கிருஷ்ணமூர்த்தியின் வேட்டி சட்டையைக் கொடுக்கப் போனபோது வாய்விட்டுக் கேட்டாள்.

"சார், நீங்க கட்டுற டவுன்ல எங்களுக்கும் ஒரு மூல ஒதுக்கிக் குடுங்க சார். இவர மழையில நனைய விட்டுட்டு ஓடுறது மனசுக்கு ஆவல."

"ராசாத்தி, டவுன்னா டிரை கிளீனிங்குதாம்மா இருக்கும். கரிப்பெட்டி வெச்சா பாக்குறவன் என்ன நெனப்பான்? கிராமம்னுல்ல நெனப்பான்?"

"சரிங்க சார். மனசுல உள்ளத மறைக்காம சொன்னீங்களே. நீங்க நல்லாருக்கணும்."

அன்று இரவு கிருஷ்ணமூர்த்திக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

கட்டடம் தொடங்குமுன் வாஸ்து பார்க்க ஒருவரை ஜெயங்கொண்டத்துப் பக்கமிருந்து காரில் அழைத்து வந்தார்கள். அவர் கையில் திசைகாட்டியும் நெற்றியில் மூன்று விதமான குங்குமமும் வைத்திருந்தார். இடத்தைச் சுற்றி வந்தார். சாலை தெற்கே, கொல்லை வடக்கே என்பதைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெற்கு எமன் திசை. தெற்கு பார்த்து வாசல் வெச்சா கல்லாவுல காசு நிக்காது. கட்டடம் மொத்தமும் வடக்கப் பாத்துத்தான் நிக்கணும். வடக்கு குபேரன்."

வெள்ளைச்சாமிக்கு அறுபது வயசு. சோளம் விதைப்பதைத் தவிர வேறு எதிலும் தலையிடாதவர். அவருக்கே பொறுக்கவில்லை.

"சாமி, ரோடு இந்தப் பக்கம்ல கெடக்கு? வடக்க என் சோளக்கொல்லதான இருக்கு?"

"ரோடு மாறும் பெரியவரே. திசை மாறாது."

நாளைக்கே வடக்குப் பக்கம் சுற்றுச்சாலை வரும், அப்போது நாம்தான் முன்பக்கம் என்று குருநாதன் எல்லாரையும் தேற்றினார். சுற்றுச்சாலைக்கு வெள்ளைச்சாமி நிலம் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் வெள்ளைச்சாமியிடம் கேட்கவில்லை.

இவ்வாறாக இரண்டாயிரத்து நாலில் மூணாங்கல் வணிக வளாகம் எழுந்தது. தமிழ்நாட்டிலேயே, ஏன், நமக்குத் தெரிந்தவரை உலகத்திலேயே, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மக்காச்சோளத்தைப் பார்த்து நின்ற ஒரே நகர் மையம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மணிக்கூண்டுக்குப் பணம் போதாமல், ஒரு சுவர்க்கடிகாரத்தை மாடிப்படிச் சுவரில் மாட்டினார்கள். நீரூற்றுக்குப் பதிலாக ஒரு அடிபம்பு. தியேட்டரும் பேங்கும் நாயும் அட்டையிலேயே தங்கிவிட்டன.

மாடிப்படி தெற்கில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருந்ததால், அது சாலைப் பக்கம் தென்கிழக்கு மூலையில் வந்தது. படிக்கு அடியில் முக்கோணமாக ஒரு இடம் மிஞ்சியது. துடைப்பமும் குப்பைத்தொட்டியும் வைக்கலாம் என்று நினைத்தார்கள். வாஸ்துக்காரர் பதறினார்.

"அது அக்கினி மூலை. தினம் அங்க நெருப்பு எரியணும். எரிஞ்சாத்தான் வளாகம் விளங்கும்."

டீக்கடைக்காரர்களைக் கேட்டார்கள். தெற்கு பார்த்த இடம் என்றதும் ஒவ்வொருவராக நழுவினார்கள். எமனுக்கு டீ ஆற்ற எவருக்கும் விருப்பமில்லை. நெருப்பும் வேண்டும், தெற்கைப் பார்க்கப் பயப்படாத ஆளும் வேண்டும். குழு மூன்று கூட்டங்கள் போட்டு யோசித்தது. மூன்றாவது கூட்டத்தில் கிருஷ்ணமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த இஸ்திரிப் பொண்ணு…" என்றார்.

மூன்று சுவர். ஒரு கூரை. கூரை சாய்வாக இருந்தது, ஏனென்றால் அது படிக்கட்டின் அடிப்பக்கம். நிமிர்ந்து நின்றால் ராசாத்திக்குத் தலை இடித்தது. ஆனால் நடராசன் உட்காரும் இடத்தில் அவன் முதுகு சாய ஒரு சுவர் இருந்தது. முதல் மழை பெய்த அன்று அவள் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அவன் காய்ந்த சட்டையோடு உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன புள்ள அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. மடிங்க."

அதற்கடுத்த வாரம் முழுக்க அவள் வீடு வீடாகப் போய் வாழ்த்தினாள். குழுவில் இருந்தவர்கள், இல்லாதவர்கள், கூட்டத்தில் தூங்கியவர்கள் யாரையும் விடவில்லை.

வளாகத்தின் கதை அவ்வளவு சுகமாக இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கண்ணுக்கு ஒரு நீளமான சிமெண்டுச் சுவர் தெரிந்தது. நெல் குடோன் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். கடைக்காரர்கள் வடக்கே வாசலில் கோலம் போட்டு, விளக்கேற்றி, ஊதுபத்தி கொளுத்திக் குபேரனை எதிர்பார்த்தார்கள். சோளக்கொல்லையிலிருந்து கிளிகள்தான் வந்தன.

சாலைப் பக்கம் முகம் காட்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் ராசாத்தி. எல்லாரும் அவளிடம்தான் கேட்டார்கள். அவளுக்கு இடம் கொடுத்தவர்களின் கடை அல்லவா? தேய்ப்பதை நிறுத்திவிட்டு வழி சொல்வாள்.

"இரும்புச் சாமானா? இப்படியே சுத்தி அந்தாண்ட போங்க. குருநாதன் அண்ணன் கட. தங்கமான மனுசன். பாத்துப் போங்க, சந்துல சேறா கெடக்கும்."

ஒருநாள் பெருமழை. கல்லங்குறிச்சிக்குப் போகும் ஒரு பெரியம்மா பஸ்ஸை விட்டுவிட்டு ராசாத்தியின் இடத்தில் ஒதுங்கினார். வீட்டுத் தொட்டிலுக்கு ஒரு கொக்கி வேண்டுமாம். சந்தில் முழங்கால் தண்ணீர். ராசாத்தி முக்காலி மேல் ஏறி, குருநாதன் கடையின் பின்சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"அண்ணே! ஒரு தொட்டில் கொக்கி!"

உள்ளே குருநாதன் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். சுவரே பேசியதும் குபேரன்தான் வந்துவிட்டார் என்று எழுந்தார். பிறகு குரல் விளங்கி, துவாரம் வழியாகக் கொக்கியை நீட்டினார். காசும் அதே வழியில் உள்ளே போனது. வாரக்கணக்கில் வாசல் வழியாக வராத காசு பின்சுவர் வழியாக வந்ததில் அவருக்கு ஒரு சிந்தனை பிறந்தது. வாஸ்துக்காரருக்கு போன் போட்டார். தெற்கில் வாசல்தான் கூடாது, ஜன்னல் வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

ஒரு வருஷத்துக்குள் வளாகத்தின் பின்சுவரில் வரிசையாக ஜன்னல்கள் திறந்துவிட்டன. முதலில் தலை அளவுக்கு. அப்புறம் இடுப்பு வரைக்கும். அப்புறம் பலகை வைத்த ஜன்னல். மருந்துக் கடைக்காரர் ஜன்னலில் மாத்திரை கொடுத்தார். வளையல் கடைக்காரர் கம்பிக்கு உள்ளிருந்தபடி வெளியே நிற்பவர்களின் கைக்கு வளையல் மாட்டினார். தையல்காரர் கையை மட்டும் வெளியே நீட்டி அளவெடுத்தார். துணி தைக்க வந்தவர் சாலையோரத்தில் நின்றபடி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் திரும்பித் திரும்பிக் காட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். முன்வாசல் சாமிக்கு, பின்ஜன்னல் ஆசாமிக்கு என்று மூணாங்கல்லின் வாணிபம் செழித்தது. சலூன் மட்டும் கடைசிவரை முன்வாசலையே நம்பியிருந்தது.

இப்படிச் செழித்ததில் ஒரு ஆபத்தும் வந்தது. இரண்டாயிரத்து ஏழில் திருச்சியிலிருந்து அன்பழகன் என்ற இளைஞர் செல்போன் கடை போட இடம் தேடி வந்தார். வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். படிக்கட்டுக்கு அடியில் வந்து நின்றார்.

"இந்த எடம்தான் சார் வேணும். ரோட்டப் பாத்த எடம் இது ஒண்ணுதான் இருக்கு."

"தம்பி, அது தெற்கு…" என்று கிருஷ்ணமூர்த்தி இழுத்தார்.

"நான் தெசையெல்லாம் பாக்குறதில்ல சார்."

வாடகை என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டுக் குழுவுக்கு வியர்த்தது. அந்தப் பணத்தில் ஒரு சின்ன மணிக்கூண்டே எழுப்பலாம். அக்கினி என்னாவது? வாஸ்துக்காரரைக் கேட்டார்கள். மின்சார பல்பும் அக்கினிதான் என்று அவர் பெருந்தன்மையோடு சாஸ்திரத்தைத் திருத்திக் கொடுத்தார்.

மிச்சமிருந்தது ராசாத்தியிடம் சொல்லும் வேலை. முதலில் கிருஷ்ணமூர்த்தி போனார். சட்டை வாங்க வந்தவர்போலப் போய், தான் வாயைத் திறப்பதற்குள் அவள் நாலு முறை வாழ்த்திவிட்டதால், சட்டையோடு திரும்பிவிட்டார். அடுத்தது குருநாதன் முறை. நேரில் போய் நின்றால் வார்த்தை வராது என்று தன் கடை ஜன்னலிலிருந்தே தலையை நீட்டிச் சொன்னார்.

"ராசாத்தி… இந்த மாசக் கடைசியோட… அந்த எடத்த ஒரு போன் கடைக்கு விடுறாப்ல ஆயிடுச்சும்மா. கமிட்டி முடிவு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

இது பொய். ராசாத்தி பெட்டியைத் தட்டில் நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்காகப் பேசுனீங்களாண்ணே? நல்லாருக்கணும் நீங்க."

குருநாதன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். அன்றைக்கு அந்த ஜன்னலில் வியாபாரம் நடக்கவில்லை.

நடராசன் மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தான்.

"எங்க போறது புள்ள?"

"வண்டி இருக்குல்ல."

"மழ வருமே."

"வரட்டும். நீங்க வூட்டுலயே இருங்க. நான் மட்டும் வந்துக்கறேன்."

"வூட்டுல சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?" என்றான் அவன். ஆளும் பேச்சுமாக இருக்கிற இந்த மூலைதான் அவனை மனுஷனாக வைத்திருந்தது. அது அவளுக்கும் தெரியும். அவள் அடுத்த சட்டையை எடுத்துத் தண்ணீர் தெளித்தாள்.

குழு நல்லவர்கள் அடங்கியது. ஏழைப் பெண்ணைத் துரத்தினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது. ஆகவே நவம்பர் மாதம், மூணாங்கல் நகர் மைய மூன்றாம் ஆண்டு விழாவில் ராசாத்திக்குப் பொன்னாடை போர்த்தி வழியனுப்புவது என்று தீர்மானித்தார்கள். நம் நாட்டில் ஒருவரை ஒரு இடத்திலிருந்து கிளப்ப இதைவிடக் கௌரவமான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

விழா சாலையோரத்தில், ஏரிப் பக்கம் நடந்தது. ஏரிக்காற்று மைக்கில் இரைந்தது. கிருஷ்ணமூர்த்தி ஒரு மணி நேரம் பேசினார். அரியலூர் இந்த மாதமே மறுபடி மாவட்டமாகிறது, அடுத்தது நாம் நகராட்சி என்றார். அன்பழகனை மேடைக்கு அழைத்துப் புதிய கடைக்காரர் என்று அறிமுகம் செய்தார். ராசாத்திக்குப் பொன்னாடை போர்த்தினார். கடைசியாக நன்றியுரை. அதைச் சொல்ல வேண்டிய குருநாதன் ஜன்னலில் பொய் சொன்னதிலிருந்து ராசாத்தி முகத்தில் விழிக்கக் கூசி, காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். நன்றியுரையின்போது எப்படியும் கூட்டம் எழுந்து போய்விடும் என்பதால், கிருஷ்ணமூர்த்தி மைக்கை ராசாத்தி பக்கம் திருப்பினார்.

"நீயே நாலு வார்த்த சொல்லிடும்மா."

எழுந்துகொண்டிருந்த கூட்டம் உட்கார்ந்தது. ராசாத்தி மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை. பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் மைக்கைப் பிடித்தாள்.

"எனக்குப் பேச வராதுங்க. கிருஷ்ணமூர்த்தி சாரு நல்லாருக்கணும். குருநாதன் அண்ணனுக்குக் காச்ச சரியாவணும். மூணு வருசமா எங்க வூட்டுக்காரர ஒரு சொட்டு மழ படாம வெச்சிருந்தீங்க. அத சாவுற வரைக்கும் மறக்க மாட்டோம்." இங்கே அவள் குனிந்து பொன்னாடையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு நிமிர்ந்து தொடர்ந்தாள். "வடக்கப் பாத்துக் கட்டச் சொன்ன வாஸ்து அய்யா எங்க இருந்தாலும் நல்லாருக்கணும். அன்னைக்கு நீங்க எல்லாரும் சேந்து ரோட்டுக்கு முதுகக் காட்டிக் கட்டுனீங்க. அதனாலதாங்க ரோட்டப் பாத்த எடம் எனக்குக் கெடச்சுது. வேற யாராச்சும் கட்டியிருந்தா ரோட்டப் பாத்துல்ல கட்டியிருப்பாங்க? அப்ப எனக்கு ஏது எடம்?"

முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு முன்னால் வந்தது. மூன்று வருஷமாக எல்லாரும் மனசில் அடக்கிவைத்த சிரிப்பு. வெள்ளைச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ராசாத்திக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று மேடையைப் பார்த்தாள்.

அன்பழகன் வெளியூர்க்காரர். விவரம் தெரியாமல் உரக்கவே கேட்டுவிட்டார்.

"அப்ப மொத்தக் கட்டடத்தையும் தப்பாத் திருப்பி வெச்சிட்டீங்களா சார்? இந்தத் தெக்குப் பக்கம்தான் நல்ல பக்கமா?"

கிருஷ்ணமூர்த்தி எழுந்தார். அவருடைய முப்பது வருஷ சர்வீசில் யாரும் அவரைத் தப்பு என்று சொன்னதில்லை, மாமனாரைத் தவிர. அந்த இடத்தை இந்த இளைஞருக்கு விட்டால் என்ன ஆகும்? கடை ஓகோவென்று ஓடும். ஓடினால் தெற்கு நல்ல திசை என்றாகும். தெற்கு நல்ல திசை என்றால், குபேரனைப் பார்த்து நிற்கும் இந்த வளாகம்? அட்டைப்படம்? மருமகன்? குழு? எல்லாமே பைத்தியக்காரத்தனம் என்றல்லவா ஆகும்? மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"யார் சொன்னது நல்ல பக்கம்னு? தெற்கு தெற்குதான்! அந்த எடத்துல எந்த வியாபாரமும் வெளங்காது. தெரிஞ்சே ஒரு சின்னப் பையன அங்க உக்கார வெச்சு அந்தப் பாவத்த நாங்க கட்டிக்க மாட்டோம்."

"நான் தெசை பாக்குறதில்லன்னு சொன்னேனே சார்?"

"நீங்க பாக்கலைன்னாலும் கமிட்டி பாக்கும் தம்பி! அந்த எடம் வியாபாரத்துக்கு லாயக்கில்ல. யாருக்கும் வாடகைக்கு விடுறதா இல்ல. இது தீர்மானம்."

கூட்டத்திலிருந்து வெள்ளைச்சாமி கேட்டார்: "அப்ப ராசாத்தி?"

கிருஷ்ணமூர்த்தி ஒரு நொடி தடுமாறினார். பொன்னாடையோடு நின்றிருந்த அவளைப் பார்த்தார். அவள் சாலைக்கு எதிர்ப்புறம், படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்த நடராசனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ பண்றது வியாபாரமாய்யா? அது அக்கினி. அது பாட்டுக்கு அங்க எரியட்டும்."

கைதட்டல் எழுந்தது. எதற்காகக் கை தட்டினோம் என்று பிறகு கேட்டபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அன்பழகனுக்கு வடக்கு பார்த்த ஒரு கடை ஒதுக்கினார்கள், சாலைப் பக்கம் பெரிய ஜன்னலோடு. அவரும் நன்றாகவே இருக்கிறார்.

பொழுது சாயும் நேரம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ராசாத்தி கிருஷ்ணமூர்த்தியிடம் வந்து நின்றாள்.

"சார், அந்த எடம் ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு எல்லார் முன்னாலயும் அடிச்சுச் சொன்னீங்களே. நீங்க நல்லாருக்கணும் சார்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். குமாஸ்தா தேடியதையே அவரும் தேடினார்.

"ராசாத்தி, உண்மையச் சொல்லு. நீ…"

"என்னங்க சார்?"

"ஒண்ணுமில்ல. போ. நாளைக்கு அரியலூர்ல மாவட்டம் தொறப்பு விழா. சட்டை வேணும்." பிறகு, போகிற போக்கில், வேறு யாருக்கோ சொல்வதுபோல, "படிக்கட்டு ஒழுகுதான்னு பாரு. ஒழுகுனா சொல்லு, பூசித் தரச் சொல்றேன்" என்றார்.

அவள் கரியைப் பற்றவைத்து விசிறினாள். நடராசன் பொன்னாடையை வாங்கி, சட்டை மடிப்பதுபோலவே கச்சிதமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்ப இங்கனதானா புள்ள?"

"இங்கனதான்."

கரி சிவந்ததும் அவள் ஏரிப் பக்கம், தெற்கே திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"யாரக் கும்பிடுற?"

"அவரத்தான். அவரு தெசைங்கறதுனாலதான நமக்கு எடம் நெலச்சுது? அவரும் நல்லாருக்கணும்."

"அடிப் பாவி, எமனயா நல்லாருக்கச் சொல்ற?" என்று நடராசன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தால் அவனுக்கு முதுகு வலிக்கும். வலித்தது. சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சிரித்தான்.